இடது காலுக்கும் பாதி பாரம் கொடு

அன்புள்ள தம்பிக்கு,

போனில் "நல்லா இருக்கேம்மா" என்கிறாய், அடுத்த கேள்விக்குள் மீட்டிங் வந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். சின்ன மாமா வீட்டு விசேஷம் நன்றாக முடிந்தது, அதைப் பிறகு விவரமாக எழுதுகிறேன்.

போன வாரம் இடது தொடையில் சுளுக்கு என்றாய். எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. பொதுவாகச் சொல்கிறேன். பக்கவாதம் வந்தவர்களுக்கு இடுப்பெலும்பு முறியும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். முறிவதும் பெரும்பாலும் வலுக் குறைந்த பக்கத்தில்தான். தடுமாறினால் உடம்பு அந்தப் பக்கம் சாயும், ஊன்றிக்கொள்ள அந்தக் கை நீளாது, எலும்பும் அங்கேதான் மெலிந்திருக்கும்.

தசை இழுப்பதும் உடல் பாரம் அழுத்துவதும்தான் எலும்பைக் கட்டிக் காக்கின்றன. இரண்டும் குறைந்தால் உடம்பு அந்த எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுத்துக்கொண்டே இருக்கும். முதல் ஒரு வருஷம்தான் இந்த இழப்பு வேகமாக நடக்கும், காலைவிடக் கையில் அதிகம். உனக்குப் பக்கவாதம் வந்து இது ஐந்தாவது மாதம். இவ்வளவு சீக்கிரம் வேலைக்குத் திரும்பினாயே என்று எல்லாரிடமும் பெருமையாகத்தான் சொல்கிறேன். ஆனால் காலையிலிருந்து இரவு வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் அந்தக் கால் படுத்தே கிடந்ததற்குச் சமம்.

உட்கார்ந்து எழும் பயிற்சியை விடாதே. சோபா வேண்டாம், சாப்பாட்டு மேசை நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொள். இடது பாதத்தை வலது பாதத்துக்கு நான்கு விரல் பின்னால் இழுத்து வை. மூக்கு கால்விரல்களுக்கு நேராக வரும்வரை முன்னால் சாய்ந்து, பிறகு எழு. இரண்டு பாதமும் சமமாக இருந்தால் வலது கால் முழு வேலையையும் பிடுங்கிக்கொள்ளும், எழுந்துவிட்டோம் என்று நீயும் ஏமாறுவாய். சரிபார்க்க வழி இருக்கிறது. ஒரே மாதிரி எடை மெஷின் இரண்டை வாங்கி, காலுக்கு ஒன்றாக வைத்து நில். உன் எடை 70 கிலோ என்றால் இடது மெஷின் 35-ஐ நெருங்க வேண்டும். முதலில் 25 கூட வராது. வரும்வரை பாரத்தை இடது பக்கம் மாற்றிப் பழகு. அடுப்பு மேடையைப் பிடித்தபடி குதிகாலைத் தூக்கி இறக்குவதும் அப்படியே, இரண்டு காலிலும் பாரம் இருக்க வேண்டும்.

பத்துப் பத்தாக மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். கடைசி இரண்டு தடவை கஷ்டமாக இருக்க வேண்டும். பதினைந்து தடவை சுலபமாக வந்தால் இருக்கையைத் தாழ்த்து, உட்கார்ந்து முழங்காலை நீட்டும்போது கணுக்காலில் 1 கிலோ மணல் பை கட்டு. மாதக்கணக்கில் அதே உயரம், அதே எண்ணிக்கை என்றால் அது வெறும் சடங்கு. பளு தூக்கினால் தசை இறுக்கம் கூடும் என்று உன் பிசியோ சொன்னாராமே, அது பழைய பாடம். அப்படிக் கூடுவதில்லை என்று எப்போதோ தெரிந்துவிட்டது. மூச்சை மட்டும் அடக்காதே, பிரஷர் ஏறும். சத்தமாக எண்ணிக்கொண்டே செய், அடக்க முடியாது. பிரஷர் 160/100-க்கு மேல் காட்டினால் அன்றைக்கு லீவு.

கைக்கும் பாரம் வேண்டும். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, இடது உள்ளங்கையை விரல் விரித்துப் பக்கத்தில் ஊன்றி மெதுவாகச் சாய். முழங்கை மடங்கினால் வலது கையால் பின்னாலிருந்து தாங்கிக்கொள். அந்தக் கையைப் பிடித்து யாரும் உன்னைத் தூக்கக் கூடாது, தோள்மூட்டு இறங்கிவிடும். திரும்பவும் சொல்கிறேன், கையைப் பிடித்து இழுக்கவே விடாதே.

சாப்பாட்டில் நாளைக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் கணக்கு. 400 மில்லி பாலில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடைக்கும். மீதிக்குக் கேழ்வரகு, எள்ளு, முருங்கைக்கீரை. கீரைக்கு நீ பயப்பட வேண்டாம், ரத்தம் உறையாமலிருக்க அசிட்ரோம் மாத்திரை போடுகிறவர்கள்தான் கீரையின் அளவைக் கூட்டிக் குறைக்காமல் பார்க்க வேண்டும், உனக்கு ஈகோஸ்ப்ரின், அதாவது ஆஸ்பிரின்தானே. வைட்டமின் டி 60,000 யூனிட் பாக்கெட் வாரம் ஒன்று, டாக்டர் எழுதிய வாரங்களோடு சரி. தினமும் போட்டு ரத்தத்தில் கால்சியம் ஏறி ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் உண்டு. வயிற்று அமிலத்துக்குப் போடும் பான்டோபிரசோலும் இன்னும் தேவைதானா என்று டாக்டரிடம் கேள், வருஷக்கணக்கில் ஓடினால் எலும்புக்கு நல்லதில்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். மேலே எழுதிய எந்தப் பயிற்சியையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும்வரை செய்யாதே. இடது பக்கம் உனக்கு உணர்ச்சி குறைவு, அங்கே வலி கம்மி என்பதை நம்ப முடியாது. இடுப்பெலும்பு விரிசல் விட்டு ஒன்றுக்குள் ஒன்று இறுகிக்கொண்டால் நடக்கக்கூட முடியும். வலி தொடை இடுக்கில் இருக்கும், சில நேரம் முழங்காலில் மட்டும் தெரியும். பிறகு ஒருநாள் எழும்போது விலகிவிடும். ஈகோஸ்ப்ரின் போடும் உடம்பில் கன்றல் பெரிதாகப் பரவும், அதைச் சுளுக்கு என்று யாரும் நம்ப மாட்டார்கள். தலையிலும் பட்டிருந்தால் ஸ்கேன் எடுப்பதைத் தள்ளிப்போடவே கூடாது.

கவிதாவிடம் நான் எதுவும் கேட்கவில்லை, அவளும் எதுவும் சொல்லவில்லை. அவள்மேல் கோபப்படாதே.

நாளைக்கே போ. இரண்டு இடுப்பும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி ஒன்று, இடது இடுப்பைப் பக்கவாட்டில் ஒன்று, எக்ஸ்ரே எடுக்கச் சொல். அதில் எதுவும் தெரியாமல் ஊன்றும்போது வலி மட்டும் நின்றால் எம்ஆர்ஐ கேள், மெல்லிய விரிசல் எக்ஸ்ரேயில் தப்பிவிடும். பாத்ரூமில் கைப்பிடி மாட்டும் ஆளையும் நாளைக்கே வரச்சொல். ரப்பர் செருப்பைத் தூக்கிப் போடு, பின்வார் வைத்த செருப்பு வாங்கு. ராத்திரி எழுந்தாலும் ஸ்பிளிண்ட் போடாமல் கால் வைக்காதே.

எக்ஸ்ரேயை வாட்ஸ்அப்பில் அனுப்பு. ரிப்போர்ட் போதாது, படமும் வேண்டும். பார்க்க எனக்குத் தெரியும்.

அம்மா