பந்தைப் பார்க்காதே, மாப்ள

அயோவா சிட்டி
ஞாயிற்றுக்கிழமை காலை

மாப்ள,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. மூட்டு ஆபரேஷன் முடிந்து வாசல் வரை நடக்கிறாய் என்று படித்ததும் நிம்மதி. பிசியோதெரபிக்கு ஒழுங்காகப் போ. பி.டி. வாத்தியாராக முப்பது வருஷம் ஊர்ப் பையன்களை விரட்டி விட்டு, உனக்கென்று வரும்போது வலிக்குதுன்னு படுத்துக்கொள்ளாதே. இங்கே எல்லாரும் நலம். பனி இன்னும் விழவில்லை, ஆனால் காலையில் கார்க் கண்ணாடியைச் சுரண்ட ஆரம்பித்தாயிற்று.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். படுத்துக்கொண்டே போனில் எங்கள் அயோவா யூனிவர்சிட்டியின் அமெரிக்க ஃபுட்பால் மேட்ச் ஒன்றை முழுசாகப் பார்த்ததாக எழுதியிருந்தாய். “எறியறவன், ஓடறவன், பிடிக்கிறவன் எல்லாம் புரியுது. நடுவுல அஞ்சு குண்டுப் பயலுக வரிசையாக் குனிஞ்சு நிக்கிறானுகளே, அவனுக எதுக்கு? அவனுகள எதைப் பாத்துப் பொறுக்குறாங்க?” இருபத்திரண்டு வருஷமாக இங்கே இருக்கிறேன், நம் ஆட்கள் யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. வாத்தியார் புத்தி எங்கே போகும்!

அந்த ஐந்து பேர்தான் அஃபென்சிவ் லைன், பந்து வைத்திருக்கிற அணியின் முன்வரிசை. நடுவில் சென்டர், அவனுக்கு இரண்டு பக்கமும் கார்டு, ஓரங்களில் டேக்கிள். சென்டர் பந்தைக் காலிடுக்கு வழியாகப் பின்னால் கொடுப்பதோடு சரி. மற்ற நாலு பேரும் ஆட்டம் முழுக்கப் பந்தைத் தொடாமலே வீட்டுக்குப் போவார்கள். எதிரில் வருகிறவனை மறிப்பதுதான் வேலை. நம் ஆழித்தேர் ஞாபகம் இருக்கிறதா? வடம் பிடிப்பவர்களை ஊரே பார்க்கும். சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவரை யார் பார்த்தார்கள்? உன் சித்தப்பா போட்டார் என்பதால் நாம் இரண்டு பேரும் பார்த்தோம். கட்டை ஒரு சாண் தள்ளிப் போனால்தான் அவர் பெயர் ஊர் வாயில் வரும். இங்கேயும் அப்படித்தான். தப்புப் பண்ணினால் மட்டும் நடுவர் மைக்கில் நம்பரைச் சொல்வார்: “74, ஹோல்டிங், 10 கெஜம்.” எதிரியைப் பிடித்து நிறுத்திவிட்டான், அணி 10 கெஜம் பின்னால் போக வேண்டும் என்று அர்த்தம்.

எனக்கும் முதல் சில வருஷம் ஒன்றும் புரியவில்லை. எதிர்வீட்டுக்காரர் ஒரு ஹைஸ்கூலில் லைன் கோச்சாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி என்னைப் பள்ளி மேட்சுக்குக் கூட்டிப்போனார். உட்கார்ந்ததுமே நிபந்தனை போட்டார். முதல் குவார்ட்டர், அதாவது ஆட்டத்தின் முதல் கால் பகுதி, முழுக்கப் பந்தைப் பார்க்கக் கூடாது, இடது ஓரத்தில் நிற்கிற பெரிய பையனின் கால்களை மட்டும் பார்க்க வேண்டும். பார்த்தேன். முதலில் ஒரு மண்ணும் தெரியவில்லை. அப்புறம் மெல்லப் பிடிபட்டது: மோதிய அடுத்த நொடி அவன் கால் நின்று போகிறது. கையாலும் எடையாலும் தள்ளுகிறான், எதிரி போய் விழுகிறான், கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. கிழவர் உதட்டைப் பிதுக்கினார். “இவன் 300 பவுண்டு. எதிரில் நிற்பவன் 180. லாரி சைக்கிளை இடித்துத் தள்ளினால் அது நல்ல லாரி என்று ஆகிவிடுமா?”

மாப்ள, இதில் இருக்கிற சிக்கல் முழுக்க அந்த ஒரு வரியில் இருக்கிறது. 17 வயதுப் பையனின் வீடியோவைக் காலேஜ்களுக்கு அனுப்புவார்கள். அதில் அவன் எல்லாரையும் கீழே தள்ளுவான். காலேஜில் எதிரே நிற்பவனும் இவனைப் போலவே மலையாக இருப்பான், அங்கே எடை உதவாது. அதனால் விவரம் தெரிந்தவர்கள் அவன் எத்தனை பேரைத் தள்ளினான் என்று எண்ணுவதில்லை. முழங்கால் மடங்குகிறதா, இல்லை இடுப்பு மட்டும் மடங்கி முன்னால் சாய்கிறானா? மோதிய பிறகும் கால் குட்டிக் குட்டியாக எட்டு வைக்கிறதா? ஒருத்தனை முடித்துவிட்டு அடுத்தவனைத் தேடுகிறானா? கபடிக்கு ஆள் எடுக்கும்போது நீ முதலில் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைப் பார்ப்பாயே, கிட்டத்தட்ட அதுதான்.

வலது பக்கம் நின்ற ஒரு ஒல்லிப் பையனைக் காட்டி, “இவனைப் பார்” என்றார் கிழவர். அவன் எங்கள் தெருப் பையன். அவன் கதையைப் பிறகு சொல்கிறேன்.

இந்த வீடியோ சிக்கலால்தான் காலேஜ் கோச்சுகள் குளிர்காலத்தில் மல்யுத்தம் நடக்கிற ஜிம்முக்குப் போய் உட்காருகிறார்கள், வசந்தத்தில் குண்டு எறிகிற மைதானத்தில் நிற்கிறார்கள். பாஸ்கெட்பால் ஆடும் தடியன் என்றால் இன்னும் சந்தோஷம், பக்கவாட்டில் கால் நகரும். அயோவாவுக்கு இதில் ஒரு வசதி, இது மல்யுத்தத்தில் ஊறிய மாநிலம். இன்னொரு நெருக்கடியும் உண்டு. மொத்த ஜனத்தொகையே 32 லட்சம்தான், நாட்டின் பெரிய தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லில் ஆடும் அணி ஒன்றுகூடக் கிடையாது. டெக்சாஸ், ஃப்ளோரிடா மாதிரித் தயாரான பையன்கள் தெருவுக்குத் தெரு கிடைப்பதில்லை. ஆகவே கிடைக்கிறவனை வளர்த்துத்தான் ஆக வேண்டும்.

எங்கள் யூனிவர்சிட்டியில் 1999 முதல் தலைமைக் கோச்சாக இருப்பவர் கர்க் ஃபெரன்ட்ஸ். அதற்கு முன் 1981-லிருந்து ஒன்பது சீசன் இதே காலேஜில் லைன் கோச்சாகவே இருந்தவர். ராபர்ட் கேலரி இவரிடம் டைட் எண்டாக வந்தான், அதாவது பந்தும் பிடிக்கிற ஆள். அவனை இடது டேக்கிளாக மாற்றினார்கள். 2003-ல் காலேஜ் ஆட்டத்தின் சிறந்த லைன் ஆட்டக்காரனுக்கான அவுட்லேண்ட் டிராஃபி, மறு வருஷம் டிராஃப்டில், அதாவது தொழில்முறை அணிகள் காலேஜ் பையன்களை வரிசையாக எடுக்கும்போது, இரண்டாவது ஆளாகப் போனான். பிராண்டன் ஷெர்ஃப் பள்ளியில் குவார்ட்டர்பேக்காகக்கூட, அதாவது பந்தை எறிகிறவனாக, ஆடியவன், டென்னிசும் ஆடுவான். அவனுக்கு 2014-ல் அதே டிராஃபி.

எனக்குப் பிடித்தது டிரிஸ்டன் வர்ஃப்ஸ், டைலர் லிண்டர்பாம் ஜோடி. இரண்டு பேரும் எங்கள் பக்கத்துச் சின்ன ஊர்க்காரர்கள், மவுண்ட் வெர்னான், சோலன். பள்ளி நாளில் இருவரும் மல்யுத்தத்தில் மோதி, உருவத்தில் சின்னவனான லிண்டர்பாம் ஜெயித்தான். வர்ஃப்ஸ் 145 கிலோ உடம்பை வைத்துக்கொண்டு 40 கெஜத்தை 4.85 நொடியில் ஓடினான், நின்ற இடத்திலிருந்து 36.5 அங்குலம் எம்பினான். 2020-ல் டாம்பா பே அணி எடுத்தது, முதல் சீசனிலேயே தொழில்முறை ஆட்டத்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் ஜெயித்தான். லிண்டர்பாம் இங்கே வந்தது எதிர்ப்பக்கத்து ஆட்டக்காரனாக, டிஃபென்சுக்கு. சென்டருக்கு மாற்றினார்கள். 2021-ல் நாட்டின் சிறந்த சென்டருக்கான ரிமிங்டன் டிராஃபி அவனுக்குத்தான்.

ஆனால் இவர்களைப் பார்த்து, கோச்சுகளுக்கு மந்திரக் கண் இருக்கிறது என்று நினைக்காதே. கேலரி தொழில்முறை ஆட்டத்தில் டேக்கிளாகச் சோபிக்கவில்லை, உள்ளே கார்டுக்குத் தள்ளிய பிறகுதான் நிலைத்தான். இந்தக் கணக்கு எல்லாருக்கும் தவறுகிறது, அதனால்தான் அளவுகோலைத் தேடி ஓடுகிறார்கள். கையின் நீளம் டேக்கிளுக்கு 33 அங்குலமாவது வேண்டும் என்று ஒரு பேச்சு. யார் கை முதலில் எதிரியின் நெஞ்சில் படுகிறதோ அவன் சொன்ன இடத்துக்கு மற்றவன் போவான், காரணம் அவ்வளவுதான். எல்.எஸ்.யூ. என்கிற லூசியானா யூனிவர்சிட்டியின் வில் கேம்ப்பெல்லுக்கு 2025-ல் முதலில் அளந்தபோது 32 அங்குலமும் எட்டில் ஐந்து பங்கும். சில வாரம் கழித்துச் சொந்தக் காலேஜில் அளந்தால் சரியாக 33! கை வளர்ந்ததா, டேப் சுருங்கியதா தெரியாது. டிராஃப்டில் நாலாவது ஆளாக நியூ இங்கிலாந்து அணி எடுத்துக்கொண்டது.

பொறுக்குவது இப்படி என்றால், வளர்ப்பது தனிக் கூத்து. வந்த முதல் வருஷம் பெரும்பாலும் ஆட விடமாட்டார்கள். ரெட்ஷர்ட் என்பார்கள். படிக்கலாம், பயிற்சி எடுக்கலாம், நாலு மேட்சுக்கு மேல் ஆடாமல் இருந்தால் அந்த வருஷம் கணக்கில் சேராது. ஐந்து வருஷத்தில் நாலு சீசன். அந்த முதல் வருஷம் சோறும் இரும்புத் தண்டும்தான்.

எங்கள் தெருப் பையன் சொந்தச் செலவில், உதவித்தொகை இல்லாமல், பக்கத்து மாநிலத்தில் ஒரு சின்னக் காலேஜில் சேர்ந்தான். அப்போது 225 பவுண்டு, நம் கணக்கில் 102 கிலோ. கோச் 280 கேட்டார். லீவுக்கு வந்தவன் எங்கள் வீட்டுக்கு எதையோ கொடுக்க வந்தான். வீட்டம்மா தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள், சாப்பிடு என்றாள். 14 தோசை, மாப்ள. சட்னி முடிந்ததும் பீநட் பட்டர் கேட்டான். ராத்திரி 2 மணிக்கு அலாரம் வைத்து எழுந்து சாண்ட்விச் தின்கிறேன், இப்போதெல்லாம் சாப்பாட்டைப் பார்த்தாலே அழுகை வருகிறது ஆன்ட்டி, ஆனால் இது வேறு மாதிரி என்றான். அவளுக்கு அன்றைக்கு முழுக்கத் தலைகால் புரியவில்லை.

எடை ஏறும்போது கால் மந்தமாகாமல் பார்த்துக்கொள்வதுதான் கஷ்டம். இரும்புக் குழாயில் தாழ்வான பந்தல் மாதிரி ஒன்று வைத்திருப்பார்கள், அதற்கடியில் குனிந்தபடியே ஓடி மோத வேண்டும், நிமிர்ந்தால் தலை இடிக்கும். அப்புறம் கிக் ஸ்லைடு. குவார்ட்டர்பேக் எறியும் வரை காப்பாற்ற, பின்பக்கமாகவே சறுக்கிச் சறுக்கிப் போக வேண்டும். எதிரே 120 கிலோ ஆள் முழு வேகத்தில் முன்னால் ஓடி வருகிறான், நீ பின்னால் போகிறாய். கையைச் சீக்கிரம் நீட்டினால் தட்டிவிட்டுப் போய்விடுவான், தாமதமானால் மார்பில் ஏறிவிடுவான். இயற்கைக்கு விரோதமான இந்த வித்தையை ஆயிரக்கணக்கான தடவை செய்தால்தான் உடம்பு ஒப்புக்கொள்ளும்.

போதாததற்கு ஐந்து பேரும் ஒரே நேரத்தில் ஒரே பதிலுக்கு வர வேண்டும். எதிரணி கடைசி நொடியில் இடம் மாறும், சென்டர் கத்துவான், 70,000 பேர் இரைச்சலில் அது கேட்காது. நாலு பேர் சரியாகச் செய்து ஒருத்தன் தவறினாலும் குவார்ட்டர்பேக் தரையில். 2015-லிருந்து ஜோ மூர் விருது என்று ஒன்று கொடுக்கிறார்கள், தனி ஆளுக்கல்ல, லைன் மொத்தத்துக்கும். அந்த ஜோ மூர்தான் பள்ளியில் ஃபெரன்ட்சுக்குக் கோச். இரண்டாவது வருஷமே, 2016-ல், அது அயோவாவுக்கு வந்தது. கிழவர் அன்றைக்குத் தெருவில் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் பீர் கொடுத்தார்.

இந்தப் பொறுமைக்குத்தான் இப்போது ஆபத்து. 2018-ல் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது, பெயரைப் பதிந்தால் வேறு காலேஜ் கூப்பிடலாம். 2021-லிருந்து மாறிய இடத்தில் ஒரு வருஷம் சும்மா உட்கார வேண்டியதும் இல்லை, விளம்பரப் பணமும் வாங்கலாம். 2025 ஜூலையிலிருந்து காலேஜே நேரடியாகச் சம்பளம் கொடுக்கலாம். எங்கள் மாநிலத்துக் கேடின் பிராக்டரையே எடுத்துக்கொள்: அயோவாவுக்கு வருவதாகச் சொல்லி அலபாமா போனான், 2024 ஜனவரியில் இங்கே வந்தான், மார்ச்சில் திரும்ப அலபாமாவுக்கே போனான். இங்கே ஒரு மேட்ச்கூட ஆடவில்லை. ஊர் திட்டித் தீர்த்தது. நான் திட்டமாட்டேன். முழங்காலையும் மண்டையையும் அடகு வைத்து ஆடுகிற பையனுக்கு, கோச் லட்ச லட்சமாக வாங்கும்போது, பணம் வந்தால் என்ன தப்பு? எனக்கு உறுத்துவது வேறு. மூன்று வருஷம் சோறு போட்டு வளர்த்த 21 வயதுக்காரனைக் கடையில் வாங்கலாம் என்றால், 225 பவுண்டு ஒல்லிப் பையனுக்கு இனி யார் காத்திருப்பார்கள்?

நீ கேட்ட இன்னொன்றை மறந்துவிட்டேன். முதல் குவார்ட்டர் முடிந்ததும் ஸ்டேடியமே திரும்பிக் கையாட்டியதே, அது பக்கத்துக் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு. மேல் மாடி ஜன்னலில் நின்று சின்னப் பிள்ளைகள் மேட்ச் பார்ப்பார்கள். 2017-லிருந்து நடக்கிறது. அந்த நேரம் மட்டும் நான் பந்தையும் பார்ப்பதில்லை, ஆட்டக்காரன் காலையும் பார்ப்பதில்லை.

நம் பையன் இப்போது மூன்றாம் வருஷம், 285 பவுண்டு. இந்த சீசன் முழுக்க வலது கார்டாக ஆடினான். பெரிய காலேஜ் ஒன்று விசாரிக்கிறதாம். கிழவரிடம் போனில் யோசனை கேட்டான், அவர் கால் எப்படி நகருகிறது என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார். வருகிற வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங்குக்கு வருகிறான். வீட்டம்மா இரண்டாவதாக ஒரு தோசைக்கல் வாங்கிவிட்டாள்.

நீ பாதத்தைப் பார்த்து என்ன கண்டுபிடிப்பாய் என்று இதுவரை சொன்னதே இல்லை. அடுத்த கடிதத்தில் எழுது. என் பாதத்தைப் பார்த்துவிட்டு ஏன் ஸ்கோர் எழுத அனுப்பினாய் என்பதையும்.

உன் மச்சான்