படத்தில் போன விமானம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இதழில் நீண்ட தூர விமானங்களைப் பற்றி வந்த கட்டுரையை விரும்பிப் படித்தேன். கூடவே இருந்த படம்தான் உறுத்தியது. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து இந்தியா, வளைகுடா, அட்லாண்டிக் என்று மேற்கே ஒரு கோடு இழுத்து நியூயார்க்கில் கொண்டுபோய் முடித்திருந்தீர்கள். 31 வருடம் உயர்நிலைப் பள்ளியில் புவியியல் சொல்லிக்கொடுத்தவள் நான். பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

பேரனைக் கூப்பிட்டு, பிஸ்கட் டின்னிலிருந்து சிவப்புத் தையல் நூலை எடுத்துவரச் சொன்னேன். (எல்லார் வீட்டையும் போல எங்கள் வீட்டு பிஸ்கட் டின்னிலும் பிஸ்கட் கிடையாது.) பூமி உருண்டையில் ஒரு முனையைச் சிங்கப்பூரிலும் மறுமுனையை நியூயார்க்கிலும் வைத்து இழுத்துப் பிடித்தோம். நூல் இந்தியாப் பக்கமே போகவில்லை. நேரே வடக்கே ஏறி, உச்சியில் உருண்டையைத் தாங்கும் திருகாணியில் போய் இடறியது.

சிங்கப்பூர் கிழக்குத் தீர்க்கரேகை 104-ஐ ஒட்டி இருக்கிறது. நியூயார்க் மேற்கு 74-இல். கூட்டினால் 178, அரை வட்டமான 180-க்கு இரண்டே பாகை குறைவு. ஒன்று உருண்டையின் இந்தப் பக்கம், மற்றது அந்தப் பக்கம். அப்புறம் துருவம்தானே குறுக்கு வழி! சிங்கப்பூரிலிருந்து வட துருவத்துக்கு ஏறக்குறைய 89 பாகை, அங்கிருந்து நியூயார்க்குக்கு 49. பாகைக்கு 111 கிலோமீட்டர் வைத்துப் பெருக்கினால் 15,300 சொச்சம். நீங்கள் அச்சிட்டிருந்த தூரமும் அதுவே. ஆனால் படத்திலுள்ள கோட்டின் வழியே பறந்தால் 18,000-ஐத் தாண்டிவிடும்.

சரி, விமானம் துருவத்தின் மேலேதான் பறக்கிறதா என்றால், எப்போதும் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஜனவரியில் மகளைப் பார்க்க நானும் என் வீட்டுக்காரரும் போனபோது, விமானம் ஜப்பானை ஒட்டி பசிபிக் கடலைத் தாண்டியது. தூரம் கூடுதல்தான். ஆனால் அந்த உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் ஜெட் காற்று குளிர்காலத்தில் பலமாக இருக்கும். அது பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகும். தூரத்தை வேகத்தால் வகுத்து நேரம் கண்டுபிடிக்கும் பள்ளிக்கூடக் கணக்கு இங்கே பலிக்காது.

இந்த நேரக் கணக்கில்தான் என் வீட்டுக்காரர் ஏமாந்தார். பயணச்சீட்டில் பகல் 12 மணிக்குப் புறப்பாடு, அதே நாள் மாலை 5.30-க்கு வருகை என்று இருந்தது. ஐந்தரை மணி நேரம்தானே என்று ரத்த அழுத்த மாத்திரை எல்லாவற்றையும் பெரிய பெட்டியில் வைத்து அனுப்பிவிட்டார். அந்த 5.30 நியூயார்க் நேரம். குளிர்காலத்தில் அவர்கள் நமக்கு 13 மணி நேரம் பின்னால். உண்மையில் உட்கார்ந்திருந்தது பதினெட்டரை மணி நேரம். இரவு எட்டு மணி மாத்திரைக்கு நடுக்கடலுக்கு மேலே சட்டைப் பையைத் தடவியவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நல்ல வேளை, என் கைப்பையில் ஓர் அட்டை கிடந்தது.

இன்னொன்று. 2018-இல் தொடங்கிய சேவை என்று மட்டும் எழுதியிருந்தீர்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004-லேயே, நியூயார்க்கை அடுத்த நுவார்க்குக்கு இடைநில்லாமல் பறந்தது. நான்கு எஞ்சின் ஏர்பஸ் ஏ340. அது குடித்த எரிபொருளுக்குக் கட்டுப்படியாகாமல் 2013-இல் நிறுத்தினார்கள். இரண்டு எஞ்சின் ஏ350 வந்தபிறகு மறுபடி ஆரம்பித்ததுதான் 2018.

இனி இப்படிக் கட்டுரை போட்டால், தூரத்துக்குப் பக்கத்திலேயே எத்தனை மணி நேரம் உட்கார வேண்டும் என்பதையும் போடுங்கள். படம் வரைபவருக்கு உருண்டை வேண்டுமென்றால் ஆளனுப்புங்கள், தருகிறேன். நூலும் சேர்த்து. திருகாணி மட்டும் கொஞ்சம் இடறும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை,
ஈசூன், சிங்கப்பூர்