படிவத்தில் நான் எழுதாமல் விட்டது

வில்லுக்குறி
புதன், விடியற்காலை

அன்பு மக்ளே,

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் பிரஷர் மெஷினைத் தூக்கிக் காட்டி, "துடிப்பு 104 இருக்குப்பா, பரவாயில்ல, அடுத்த ரிவ்யூவில மருந்து டோஸ் 70 ஆக்கிடுவாங்க" என்று சிரித்தாய். நான் சிக்னல் இல்லை என்று சொல்லி ஃபோனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு முற்றத்துக்குப் போனேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. ஃபோனில் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது. அதனால்தான் இத்தனை வருஷத்துக்கு அப்புறம் பேனா எடுத்திருக்கிறேன்.

அதைச் சொல்லும்முன் மார்ச் மாதம் நீ அனுப்பிய படிவத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எல்லாவற்றிலும் அப்பா இப்படித்தான் என்று நினைத்துவிடுவாய்.

ஏடிஹெச்டி என்கிற கவனக்குறைபாடு இருக்கிறதா என்று பார்க்க, 12 வயதுக்கு முன்பே அடையாளங்கள் இருந்தனவா என்று பெற்றவர்களைக் கேட்பார்கள் என்றாய். ஒவ்வொரு கேள்விக்கும் ஒருபோதும் இல்லை, எப்போதாவது, அடிக்கடி, மிக அடிக்கடி என்று நாலு கட்டம். நான் வரிசையாக "எப்போதாவது" என்று டிக் அடித்துக்கொண்டே போனேன். உன் அம்மா வாங்கிப் பார்த்தாள். "இது என்ன, மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்கிற பயோடேட்டாவா?" என்று கேட்டாள். பெண்பிள்ளையைப் பற்றி வெளியாள் கேட்டால் நல்லதாக நாலு வார்த்தை சொல்லியே பழகிவிட்டது. கை அப்படித்தான் போகிறது.

மறுபடி பிரிண்ட் எடுத்து உட்கார்ந்தேன். "பொருள்களைத் தொலைப்பாரா" என்ற கேள்வியில் உன் குடைகள் ஞாபகம் வந்தன. நமக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை; குடை தொலைக்கத் தோதான ஊர். நீ ஆறாம் வகுப்பு படித்த வருஷம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஏழு குடை. ஐந்து திரும்பி வந்தன, அதுவும் நான் கண்டக்டராக இருந்ததால். ராணித்தோட்டம் டெப்போவில் டூட்டி முடித்துக் கணக்குக் கொடுக்கப் போனால் யாராவது ஒருத்தர், "அண்ணே, உங்க பிள்ள குடை" என்று நீட்டுவார். கைப்பிடியில் சிவப்பு நூல் சுற்றியிருந்ததால் அந்த ரூட்டில் ஓடிய எல்லோருக்கும் அது யார் குடை என்று தெரியும். மிக அடிக்கடி என்று டிக் அடித்தேன்.

அப்புறம் களியக்காவிளை போனது. நாகர்கோவிலில் பஸ் ஏறி இங்கே இறங்க வேண்டியவள், தக்கலை, அழகியமண்டபம், மார்த்தாண்டம் எல்லாம் தாண்டி கேரள எல்லை வரைக்கும் போய்விட்டாய். அந்த வண்டிக் கண்டக்டர் உன்னை அடையாளம் கண்டு எதிர் வண்டியில் ஏற்றிவிட்டார். தூங்கிவிட்டாயா என்று கேட்டதற்கு, "இல்லப்பா, பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றாய். எதைப் பார்த்தாய் என்று நான் கேட்கவில்லை. உன்னை அடித்தேன். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

துறுதுறுவென்று பெஞ்சில் ஏறிக் குதிக்கிற பையனை வாத்தியார் கவனிப்பார். ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்கு "புத்திசாலி, கவனம் போதாது" என்று ஒரு வரி. உன் மூன்று வருஷத்து மார்க் கார்டிலும் அதே வரிதான். அதை அனுப்பினேன், உனக்கு உதவியாக இருந்தது என்றாய். சந்தோஷம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த வாரமே நீ இன்னொன்றும் கேட்டாய். ஏடிஹெச்டி மருந்து தொடங்கும்முன் இதயத்தைப் பற்றிக் கேட்கிறார்கள், அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள் என்று யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்ததுண்டா, குடும்பத்தில் நெஞ்சுநோய் உண்டா என்று. நான் "ஒண்ணும் கிடையாது, எனக்குப் பிரஷர் மட்டும்தான்" என்றேன். நீ அப்படியே எழுதிக் கொடுத்தாய்.

உன் பாட்டா, என் அப்பா, ரப்பர் எஸ்டேட்டில் மழையில் பாறை வழுக்கி விழுந்து இறந்தார் என்றுதானே உனக்குத் தெரியும்? அவர் வழுக்கவில்லை மக்ளே. விடியற்காலை பால் வெட்டிக்கொண்டிருக்கும்போது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்தார். பக்கத்து வரிசையில் வெட்டிக்கொண்டிருந்தவர் ஓடி வருவதற்குள் சாய்ந்துவிட்டார். உடம்பில் ஒரு சிராய்ப்பு இல்லை. வயது 38. எனக்கு அப்போது 11. ஜீப் பிடித்துத் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் கொண்டுபோகலாம் என்று பேசிக்கொண்டிருக்கும்போதே முடிந்துவிட்டது.

பாறைக் கதை பாட்டி கட்டியது. என் தங்கச்சிகள் இரண்டு பேர், உன் மாமிகள், கட்டிக்கொடுக்க வேண்டியவர்கள். அப்பனுக்கு 38 வயதில் நெஞ்சடைப்பு என்றால் எந்த வீட்டிலிருந்து ஆள் வரும்? சொல்லிச் சொல்லி எனக்கே அது உண்மை மாதிரி ஆகிவிட்டது. சித்தப்பாவுக்கு 49 வயதில் இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்ததையும் "கேஸ் டிரபிள், ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான்" என்றே உனக்குச் சொன்னோம். நீ அப்போது ப்ளஸ் டூ பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாய்.

அவர்கள் பாட்டாவைப் பற்றிக் கேட்கவில்லையே, கேட்காததை ஏன் சொல்ல வேண்டும் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். எனக்கு 60 தாண்டியும் ஒன்றும் வரவில்லை, அதனால் அவர்கள் கணக்கில் இது பெரிய விஷயமாக இல்லாமலும் போகலாம். ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியது பஸ் கண்டக்டர் இல்லை, உனக்கு மருந்து எழுதுகிறவர். பிரஷர் செக்கப்புக்குப் போனபோது என் டாக்டரிடம் கேட்டேன். இந்த வகை மருந்து துடிப்பையும் பிரஷரையும் கொஞ்சம் ஏற்றும், அதனால்தான் ஒவ்வொரு டோஸ் மாற்றத்துக்கும் அளந்து பார்க்கிறார்கள். பயந்துபோய் நீயாக நிறுத்த வேண்டாம், அங்கே சொன்னால் ஒரு இசிஜி எடுப்பார்கள், தேவைப்பட்டால் இதய டாக்டரைப் பார்க்கச் சொல்வார்கள் என்றார். நெஞ்சு வலித்தாலோ மயக்கம் வந்தாலோ மட்டும் ரிவ்யூ வரை காத்திருக்கக் கூடாது, உடனே போக வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார்.

உனக்கு அவசரம் ஏன் என்றும் புரிகிறது. அங்கே அரசு மருத்துவ வரிசையில் வருஷக்கணக்கில் நிற்க முடியாமல் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் கொடுத்துத் தனியாரிடம் பரிசோதனை. அப்புறம் டோஸ் நிலைப்படும் வரை ஒவ்வொரு ரிவ்யூவுக்கும் ஒவ்வொரு மருந்துச் சீட்டுக்கும் காசு. நிலைப்பட்ட பிறகுதான் உன் ஜிபி, அதாவது குடும்ப டாக்டர், ஷேர்டு கேர் என்று மருந்து எழுதும் பொறுப்பை ஏற்றுக்கொள்வாரா மாட்டாரா என்றே தெரியும். அதனால் 30, 50, 70 என்று ஓடி முடித்துவிடப் பார்க்கிறாய். இன்னும் இரண்டு மாதம் ஆனால் ஆகட்டும். எனக்குச் சீட்டுப் பணம் விழுந்திருக்கிறது, அனுப்புகிறேன். வேண்டாம் என்று சொல்லாதே.

70 தான் கடைசிப் படி என்பதற்காக எல்லோரும் அங்கே போய் நிற்க வேண்டுமா? 50-இல் உனக்கு நன்றாகத்தானே இருக்கிறது? "தலைக்குள்ள வடசேரி பஸ் ஸ்டாண்டு ராத்திரி ரெண்டு மணிக்கு அடங்குன மாதிரி இருக்குப்பா" என்று நீ சொன்னதை நான் டெப்போ பழைய ஆட்கள் நாலு பேரிடம் சொல்லிவிட்டேன் (எதைப் பற்றி என்று சொல்லவில்லை). அம்மாவின் தைராய்டு மாத்திரையும் 25, 50, 75 என்று படிப்படியாகத்தான் ஏறியது. ஆறு வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்தால் அளவு சரியா என்று காகிதத்தில் வந்துவிடும். உன் மருந்துக்கு அப்படி ரத்தப் பரிசோதனை கிடையாது என்றாய். துடிப்பு, பிரஷர், எடை, மற்றபடி நீ வாயால் சொல்வது, அவ்வளவுதான். அதனால் அந்த 104-ஐக் குறைத்துச் சொல்லாதே. டீ குடித்து, மாடி ஏறிவந்து எடுத்தாயா, ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்து எடுத்தாயா, அதையும் பக்கத்தில் எழுது. மத்தியானம் பசியே இல்லை, மூன்று கிலோ குறைந்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னாயாமே, அதையும். காலையில் மாத்திரைக்கு முன்னால் வயிறு நிறையச் சாப்பிடு. அம்மா புட்டுமாவு வறுத்து வைத்திருக்கிறாள், ஏத்தங்காய் உப்பேரியும் வருகிறது. மட்டிப்பழம் அனுப்ப வழியில்லை.

டிசம்பரில் வரும்போது இங்கே வாங்கிக்கொள்ளலாம் என்று மாத்திரையைக் குறைத்து எடுத்து வராதே. மெடிக்கல் ஷாப்பில் விசாரித்தேன். நீ சாப்பிடுகிற லிஸ்டெக்சாம்பெடமைன் இங்கே கிடையாது. மெத்தில்பெனிடேட் என்று ஒன்று உண்டு. அது எக்ஸ் அட்டவணை மருந்து, தனி லைசென்ஸ் உள்ள கடையில் மட்டும், சீட்டு இரண்டு பிரதி கொடுத்து ஒன்றைக் கடையிலேயே விட்டுவிட வேண்டும். எப்படியும் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை நாமாக மாற்ற முடியாது. மருந்தை அதன் பெட்டியிலேயே வை, டாக்டர் கடிதத்தைக் கைப்பையில் வை. கைப்பையைத் தொலைத்துவிடாதே.

பாட்டா விஷயம் மாமிகளுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன். நீ ஒன்றும் கேட்க வேண்டாம். ரிவ்யூவுக்குக் காத்திராமல் இன்றைக்கே உனக்கு மருந்து எழுதுகிற டாக்டருக்கு மெயில் போடு. சித்தப்பாவின் டிஸ்சார்ஜ் காகிதங்களை நேற்று வாங்கி வந்து போட்டோ எடுத்து, இந்தக் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறேன். மூன்றாவது பக்கத்தில் டியூப்லைட் வெளிச்சம் விழுந்திருக்கிறது. படிக்க முடியவில்லை என்றால் சொல், வெயில் வந்ததும் முற்றத்தில் வைத்து மறுபடி எடுக்கிறேன்.

அப்பா