ஆறாம் காரணி எங்கே போனது?

மருத்துவப் பாடத்திட்டம் வகுக்கும் குழுவினருக்கு,

வணக்கம். ரத்தம் உறைவதை நாங்கள் முதலாண்டில் உடலியங்கியலில் படித்தோம். பதின்மூன்று வரை ரோமன் எண் போட்ட காரணிகளை நெட்டுருப் போட்டதுதான் மிச்சம். (நடுவில் ஆறாம் எண் மட்டும் ஏன் இல்லை என்று யாரும் கேட்கவில்லை.) எதிர்ப்பாற்றல் அடுத்த ஆண்டு நுண்ணுயிரியலில் வந்தது. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்றே நினைத்திருந்தேன்.

2020 கொரோனா வார்டில் அந்த நினைப்பு போயிற்று. மூச்சுத்திணறலோடு வந்தவருக்குக் காலில் ரத்தக்கட்டி; ரத்தக்கட்டி உருவாகிக் கரைவதைக் காட்டும் டி-டைமர் அளவு நாளுக்கு நாள் ஏறும். நுரையீரலில் வைரஸ் இருந்தால் கால் ரத்தக்குழாயில் ரத்தம் ஏன் கட்டவேண்டும்?

எதிர்ப்பாற்றல் அணுக்கள் விடும் சேதிப் புரதங்களான சைட்டோகைன்கள் (இன்டர்லூகின்-6 போன்றவை) பெருகினால், மோனோசைட் என்னும் வெள்ளணுக்கள் தம்மேல் திசுக்காரணி என்ற புரதத்தை ஏந்துகின்றன. உறைதலுக்கு அதுதான் தீக்குச்சி. ரத்தக்கட்டிக்கு நாராகும் ஃபைப்ரினோஜன் புரதத்தைக் கல்லீரல் அள்ளிக்கொட்டுகிறது. உறையாமல் காக்கும் த்ராம்போமாடுலினை ரத்தக்குழாயின் உட்சுவர் இழக்கிறது. நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்களோ தம் டி.என்.ஏ.வையே வலையாக விரிக்கின்றன. கிருமிக்கு விரித்த வலையில் தட்டணுக்களும் வந்து ஒட்டிக்கொள்கின்றன.

இது கொரோனாவோடு வந்த கண்டுபிடிப்பு அல்ல. அந்த வலையை 2004-இலேயே விவரித்துவிட்டார்கள். 2013-இல் எதிர்ப்பாற்றலுக்கும் உறைதலுக்கும் உள்ள இந்த உறவுக்கு 'இம்யூனோத்ராம்போசிஸ்' என்று பெயரும் வைத்தார்கள். என் பாடப்புத்தகத்துக்குத்தான் சேதி எட்டவில்லை.

பெயரில் என்ன இருக்கிறது என்பீர்கள். சிகிச்சையில் இருக்கிறது. 2021-இல் வெளியான பெரிய ஆய்வுகளில், ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து, முழு அளவில், சாதாரண வார்டு நோயாளிகளுக்கு உதவியது. தீவிர சிகிச்சையில் இருந்தவர்களுக்கு உதவவில்லை. அழற்சியை அடக்கும் டெக்ஸாமெத்தசோனோ, வென்டிலேட்டரில் இருந்தவர்களின் மரணத்தை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. உறைதலை மட்டும் தனியாகப் படித்தவனுக்கு இது புதிராகத்தான் இருக்கும்.

அப்புறம் டெங்கு. அங்கேயும் எதிர்ப்பாற்றல்தான் கலவரம் செய்கிறது. ஆனால் தட்டணுக்கள் சரிந்து, குழாய்கள் கசிந்து, பயம் ரத்தக்கசிவின் பக்கம் போய்விடுகிறது. ஒவ்வொரு மழைக்காலமும் நம் மாணவர்கள் பார்க்கப்போகிற நோய் இது.

நான் கேட்பது அதிகமில்லை. உடலியங்கியலும் நுண்ணுயிரியலும் நோயியலும் சேர்ந்து நடத்தும் ஒரு வாரம் போதும். முதல் வகுப்பைக் குதிரைலாட நண்டிலிருந்து தொடங்கலாம்: பாக்டீரியா நஞ்சு பட்டதும் அதன் ரத்தம் உறைந்து கிருமியைச் சிறைவைத்துவிடும். அதற்கு உறைதல் வேறு, காவல் வேறு அல்ல.

இப்படிக்கு,
ஒரு பொது மருத்துவர்