ஞாயிறு அன்று பச்சை மரத்தில் கிண்ணம் கடைகிறோம்

வணக்கம் நண்பர்களே. வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு என் வீட்டு லேத்தில் (கட்டையைச் சுழற்றிக் கடையும் இயந்திரம்) கிண்ணம் கடையப் போகிறோம். கட்டை பச்சை மரம், அதாவது வெட்டி இன்னும் காயாதது. உளி பட்டதும் சீவல் ஈரமாக, நீளச் சுருளாகப் பறக்கும். பார்க்கவே ஆசையாக இருக்கும்.

1. முகம் முழுவதையும் மறைக்கும் கவசம் கட்டாயம். கண்ணாடி மட்டும் போதாது.
2. கையுறை, தொங்கும் சட்டைக்கை, மோதிரம் வேண்டவே வேண்டாம். சுழலும் கட்டை துணியைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுத்துவிடும்.
3. உளியைத் தீட்டி எடுத்து வாருங்கள்.

அன்றே முடியாது. 25 செ.மீ. கிண்ணம் என்றால் சுவரை 2.5 செ.மீ. கனத்தில் நிறுத்தி, காகிதப் பையில் சில மாதம் உலர்த்த வேண்டும். காயும்போது கோணும், அப்புறம் மறுபடி கடைந்து வட்டமாக்கலாம்.

வருகிறவர்கள் வெள்ளி இரவுக்குள் சொல்லுங்கள், கட்டை அறுத்து வைக்க வேண்டும்.