இலக்கணம் படிக்கும் தோழிக்கு

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. படித்த அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். நீ கேட்டிருந்த கேள்வி அரைப் பக்கத்தில் அடங்குகிறதாக இல்லை. அதனால்தான் இவ்வளவு நாள். இங்கே எல்லோரும் நலம். பெரியவள் வேலை மாற்றலாகிப் போய்விட்டாள், வீடு கொஞ்சம் வெறிச்சென்று இருக்கிறது. என் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. மாலை நேரத்தில் நாலு பெண்களுக்கு அடிப்படை இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பது மட்டும் தவறாமல் நடக்கிறது. மூன்று வருடமாகிவிட்டது, அதில் எனக்குக் கிடைக்கிற சந்தோஷத்தை எழுதி முடியாது.

ஐம்பத்து நாலு வயதில் கிராமருக்கென்று தனி நோட்டுப் போட்டிருக்கிறேன் என்று நீ எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தேன். பெருமையாக இருந்தது. இங்கிலீஷ் சொற்களின் வகைகளான ‘பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச்’ எட்டையும் வரிசையாக ஒப்பிக்க முடிகிறது, ஆனால் ஒரு வாக்கியத்தைக் கொடுத்தால் எது எது என்று தெரியவில்லை என்கிறாய். ‘புக் எ டிக்கெட்’ என்பதில் ‘புக்’ நவுன் என்று எழுதினாய். விடையில் வெர்ப், அதாவது வினைச்சொல், என்று போட்டிருந்தது. “புக் என்றால் புத்தகம்தானே, அது எப்படி வெர்ப் ஆகும்?” என்று கேட்டிருந்தாய்.

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கே உனக்கு முழு மதிப்பெண் போடுவேன். ஒன்பதாம் வகுப்பில் நாம் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, நவுன் என்றால் மனிதர், இடம், பொருள் ஆகியவற்றின் பெயர் என்று மனப்பாடம் செய்தோமே, அப்போது இதைக் கேட்க நமக்குத் தோன்றவில்லை.

‘படியில் உட்கார்ந்து பாடம் படி.’ இதில் இரண்டு ‘படி’ இருக்கிறது. நீ ஒரு நொடிகூடத் தடுமாறமாட்டாய். முதல் ‘படி’யோடு ‘இல்’ ஒட்டிக்கொண்டு, நான் பெயர்ச்சொல் என்று சொல்லிவிடுகிறது. தமிழில் பெரும்பாலான சொற்கள் இப்படித் தன் வேலையை உடம்பிலேயே எழுதிவைத்துக்கொண்டு வருகின்றன. ‘நாய் மனிதனைக் கடித்தது’ என்றாலும் ‘மனிதனை நாய் கடித்தது’ என்றாலும் கடிபட்டவன் மனிதன்தான். அந்த ‘ஐ’ எங்கே போனாலும் அவனோடு போகிறது.

இங்கிலீஷில் அந்த ஒட்டு இல்லை. ‘தி டாக் பிட் தி மேன்’ என்பதில் இரண்டு பெயர்களையும் இடம் மாற்றிப் பார், மனிதன் நாயைக் கடித்துவிடுவான். சொல்லில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, இடம் மட்டும்தான் மாறியது. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் நம்மைப் போலவே வேற்றுமை விகுதிகள் இருந்தன. நாளாவட்டத்தில் அவை தேய்ந்து உதிர, அந்த வேலையைச் சொல்லின் இடம் எடுத்துக்கொண்டது. பழசின் மிச்சம் ‘ஐ–மீ’, ‘ஹீ–ஹிம்’ மாதிரி சில இடங்களில் இன்னும் இருக்கிறது.

அதனால் ‘புக்’ என்ற சொல்லைத் தனியாகக் கையில் எடுத்து, இது என்ன என்று கேட்டால் பதில் கிடைக்காது. எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். ‘ஐ ரீட் தி புக்’ என்பதில் ‘தி’க்குப் பின்னால் நின்று வாக்கியத்தை முடிக்கிறது, நவுன். ‘ஐ கேன் புக் எ டிக்கெட்’ என்பதில் ‘கேன்’ பக்கத்தில் நிற்கிறது, வெர்ப். என் மாணவிகளுக்கு நான் கொடுக்கிற முதல் சோதனை இந்த ‘தி’யும் ‘கேனும்’தான். இரண்டு சொல்லையும் வைத்துக்கொண்டு ஒரு வாரம் விளையாடினாலே பாதி பயம் போய்விடுகிறது.

‘பேக்’ என்ற சொல்லைப் பார். ‘மை பேக்’ என்றால் முதுகு, நவுன். ‘தி பேக் டோர்’ என்றால் பின்கதவு, அங்கே கதவு எப்படிப்பட்டது என்று சொல்கிற அட்ஜெக்டிவ். ‘கம் பேக்’ என்றால் திரும்பி வா, வினையைப் பற்றிச் சொல்கிற அட்வெர்ப். ‘ஐ பேக் யூ’ என்றால் உனக்குத் துணை நிற்கிறேன், வெர்ப். ஒரே சொல், நாலு வேலை. சில சொற்களில் உச்சரிப்பு மட்டும் லேசாக மாறும். ‘ரெக்கார்ட்’ நவுனாக இருந்தால் அழுத்தம் முதல் அசையில், வெர்ப் ஆனால் இரண்டாவது அசையில்.

இந்த எட்டு என்ற எண்ணைப் பார்த்துப் பயப்படுகிறாயே, அது எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் கிரேக்க மொழிக்கு இலக்கணம் எழுதிய தியோனீசியஸ் திராக்ஸ் என்பவர் சொற்களை எட்டாகப் பிரித்தார். அவருடைய எட்டும் நம் பாடப்புத்தகத்து எட்டும் ஒன்றல்ல. அதில் ஆர்ட்டிகிள் (இங்கிலீஷ் ‘எ’, ‘தி’ மாதிரியான சொல்) தனி வகை; அட்ஜெக்டிவுக்குத் தனி இடமே கிடையாது, அது பெயருக்குள் அடங்கியிருந்தது. லத்தீன்காரர்கள் அதை எடுத்துக்கொண்டபோது, அவர்கள் மொழியில் ஆர்ட்டிகிள் இல்லை என்பதால் அதை நீக்கிவிட்டு, ‘ஐயோ’ மாதிரி உணர்ச்சியைச் சொல்லும் இன்டர்ஜெக்‌ஷனைச் சேர்த்தார்கள். மறுபடியும் எட்டு! 1586ல் வில்லியம் புல்லோகர் ஆங்கிலத்துக்கு முதல் இலக்கணம் எழுதியபோதும் லத்தீன் அச்சைத்தான் பின்பற்றினார். அட்ஜெக்டிவ் தனி வகையாக நிலைபெற 18ஆம் நூற்றாண்டு வரை ஆயிற்று. இன்றைக்கும் ‘எ’, ‘தி’, ‘திஸ்’, ‘மை’ போன்றவற்றை டிடெர்மினர் என்று ஒன்பதாவதாக வைப்பவர்கள் உண்டு. ஆக, எட்டு என்பது மொழி போட்ட சட்டமில்லை, மனிதர்கள் தங்கள் வசதிக்குப் பிரித்து வைத்தது. நம் தொல்காப்பியம் நாலுதான் சொல்கிறது. அதிலும் பெயர், வினை இரண்டையும் முதலில் வைத்து, இடைச்சொல்லும் உரிச்சொல்லும் அவற்றைச் சார்ந்து வரும் என்கிறது.

நான் பாடம் நடத்துவதும் அந்த வரிசையில்தான். முதலில் நவுன், வெர்ப் இரண்டைக் கண்டுபிடி. யார் அல்லது எது, என்ன செய்தது. மற்ற எல்லாம் இந்த இரண்டைச் சுற்றித்தான் நிற்கும். இப்படி ஆரம்பித்தவர்கள் யாரும் குழம்பியதை நான் பார்த்ததில்லை.

அப்புறம் ப்ரெபோசிஷன். அந்தப் பெயருக்கே முன்னால் வைப்பது என்றுதான் அர்த்தம். நாம் பின்னால் ஒட்டுவதை அவர்கள் முன்னால் வைக்கிறார்கள், ‘மேசை மேல்’ என்பது ‘ஆன் தி டேபிள்’ ஆகிறது. திருப்பிப் போடுவது சுலபம். கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. பெட்டியில், சுவரில், வாசலில் என்று நாம் மூன்றுக்கும் ஒரே ‘இல்’ போடுகிறோம். அவர்களுக்குப் பெட்டிக்கு உள்ளே இருப்பது ‘இன்’, சுவரைத் தொட்டுக்கொண்டிருப்பது ‘ஆன்’, வாசல் என்ற அந்த இடத்தில் இருப்பது ‘அட்’. ‘இல்’லைப் பார்த்தவுடன் மொழிபெயர்க்காமல், பொருள் எப்படி இருக்கிறது என்று மனதில் ஒரு படம் போட்டுப் பார். உள்ளேயா, மேலே ஒட்டியா, அல்லது வெறும் புள்ளியா என்று.

ஆர்ட்டிகிள் பற்றி நீ மூன்று வரி புலம்பியிருந்தாய். எனக்குப் பிடித்த பகுதியே அதுதான், கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். ‘எ’, ‘அன்’ இரண்டும் ‘ஒன்று’ என்ற பழைய சொல்லிலிருந்து பிறந்தவை. ‘தி’ என்பது ‘தட்’ என்ற சொல்லுக்குச் சொந்தம். ஆக, ‘ஒரு’ என்று சொல்லக்கூடிய இடத்தில் ‘எ’, ‘அந்த’ என்று சுட்டக்கூடிய இடத்தில் ‘தி’. முழு விதியும் இவ்வளவுதான் என்று சொல்லமாட்டேன், தொடங்குவதற்கு இது போதும். ‘எ’யா ‘அன்’னா என்று எழுதியிருந்தாயே, அதற்கு விடை உன் வாயிலேயே இருக்கிறது. ஒரு மரம், ஓர் இலை. உயிர் ஒலிக்கு முன்னால் ‘ஓர்’ வருகிற மாதிரி அங்கே ‘அன்’ வருகிறது. எழுத்தைப் பார்க்காதே, ஒலியைக் கேள். மணி நேரத்தைக் குறிக்கிற சொல்லை ‘ஹவர்’ என்பது போல எழுதினாலும் ‘அவர்’ என்றுதான் சொல்கிறோம், அதனால் ‘அன் அவர்’. ‘யூனிவர்சிட்டி’யின் முதல் எழுத்து ‘யூ’ என்ற உயிரெழுத்துதான், ஆனால் ஒலி ‘ய’கரத்தில் தொடங்குகிறது, அதனால் ‘எ யூனிவர்சிட்டி’. இந்த ‘ன்’ படுத்தியபாட்டில் சில சொற்களே உருமாறிப்போயின. சமையலுக்குக் கட்டிக்கொள்கிற இன்றைய ‘ஏப்ரன்’ முன்பு ‘நேப்ரன்’. ‘எ நேப்ரன்’ என்று சொல்லிச் சொல்லி, காதில் ‘அன் ஏப்ரன்’ என்று விழுந்து, அதுவே நிலைத்துவிட்டது.

தமிழில் ஆர்ட்டிகிள் இல்லை என்கிறோம், ஆனால் அது செய்கிற வேலை நம்மிடம் இருக்கிறது. ‘புத்தகம் வாங்கினேன்’ என்று நீ சொன்னால் ஏதோ ஒரு புத்தகம். ‘புத்தகத்தை வாங்கினேன்’ என்றால் நாம் முன்பே பேசிய அந்தப் புத்தகம். முதலாவது ‘எ புக்’, இரண்டாவது ‘தி புக்’. இதை நானாகக் கவனித்த அன்றைக்கு இரவு தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். நீயும் உன் தமிழ்ப் பேச்சில் பெயரோடு இந்த ‘ஐ’ ஒட்டி வருகிற இடங்களைக் கவனித்துப் பார்.

வெர்ப் விஷயத்தில் ஒன்றை மட்டும் முதலில் சரிசெய்துகொள். ‘என் தங்கை டாக்டர்.’ தமிழில் இது முழு வாக்கியம், வினையே தேவையில்லை. இங்கிலீஷில் நடுவில் ‘இஸ்’ இல்லாவிட்டால் வாக்கியம் நிற்காது. ஏழாம் வகுப்பில் நான் ‘மை சிஸ்டர் டாக்டர்’ என்று எழுதியதற்கு அந்த ஆசிரியர் பாடவேளை முழுவதும் என்னை நிற்க வைத்தார், ஞாபகம் இருக்கிறதா? எங்கே தப்பு என்று அன்றைக்கு எனக்குத் தெரியவே இல்லை. தமிழில் இது சரி, அவர்கள் மொழியில் நடுவில் ஒரு சொல் வேண்டும் என்று ஒரே ஒரு வரி சொல்லியிருந்தால் போதும், அந்த மொழிக்கு இருபது வருடம் பயந்திருக்கமாட்டேன். என்னிடம் வருகிற பெண்களுக்கு முதல் நாளே அந்த ஒரு வரியைச் சொல்லிவிடுகிறேன்.

‘எனக்கு’ என்று நாம் தொடங்குகிற வாக்கியங்களும் இப்படித்தான் காலை வாரும். எனக்குத் தெரியும் என்பது ‘ஐ நோ’. எனக்குப் பிடிக்கும் என்பது ‘ஐ லைக்’. எனக்குப் பசிக்கிறது என்பதில் நமக்குப் பசி ஒரு வினை; அவர்களுக்கு அது அட்ஜெக்டிவ், ‘ஐ அம் ஹங்ரி’. ஒரே அனுபவத்துக்கு இரண்டு மொழியும் இரண்டு வகைச் சொல்லைத் தருகின்றன. சொல்லுக்குச் சொல் மாற்றினால் ஏன் தப்பாகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ‘ஹீ கோஸ்’ என்பதில் வருகிற ‘ஸ்’ஸையும் விட்டுவிடாதே. நம் வினைமுற்றில் நான், நீ, அவன், அவள் எல்லாம் தெரிகிறது. நிகழ்காலத்தில் பெரும்பாலான வெர்ப்களுக்கு அவர்களிடம் மிஞ்சியது அந்த ஒரே ஒரு ‘ஸ்’தான்.

ப்ரொநவுனில் உனக்குச் சிரமமே இருக்காது, நம்முடையதுதான் இன்னும் நுட்பமானது. நாம், நாங்கள் இரண்டுக்கும் அவர்களிடம் ‘வீ’ ஒன்றுதான். ‘யூ’ ஒரு காலத்தில் பன்மைக்கும் மரியாதைக்கும் உரியதாக இருந்தது, நம் ‘நீங்கள்’ மாதிரியே. ‘நீ’ என்பதற்கு இருந்த ‘தௌ’ வழக்கொழிந்துபோய், இன்றைக்கு எல்லோருக்கும் ‘யூ’தான். அட்வெர்புக்கு நம் ‘ஆக’ போல ‘லி’ வரும், மெதுவாக என்பது ‘ஸ்லோலி’. ‘ஃப்ரெண்ட்லி’ மாதிரி சில சொற்கள் ‘லி’யில் முடிந்தாலும் அட்ஜெக்டிவ், அங்கே ஏமாந்துவிடாதே. ‘அண்ட்’, ‘பட்’ மாதிரி இணைக்கிற கன்ஜங்ஷனையும் இன்டர்ஜெக்‌ஷனையும் இப்போதைக்கு விட்டுவிடு, பார்த்த மாத்திரத்தில் அடையாளம் தெரிந்துவிடும்.

சரி, உனக்கு ஒரு வேலை. நோட்டில் எட்டுப் பெயரையும் தலைப்பாக எழுதி, கீழே சொற்களை அடுக்கியிருப்பதாக எழுதியிருந்தாயே, அந்தப் பக்கத்தை மூடி வை. புதுப் பக்கத்தில் ‘வாட்டர்’, ‘ரவுண்ட்’, ‘லைட்’, ‘ஹேண்ட்’ என்று நாலு சொல் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் எத்தனை வேலை கொடுக்க முடிகிறதோ அத்தனை வாக்கியம் எழுது. ‘ரவுண்ட்’ உன்னைக் கொஞ்சம் சுற்ற வைக்கும், சொல்லிவிட்டேன். எழுதியதைத் திருத்தாமல் அப்படியே அனுப்பு. பென்சிலை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருப்பேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி