பாரிஸ் புறநகர் லா கூர்நேவிலிருந்து அம்மா எழுதுவது

அன்பு மகனுக்கு,

நானும் அப்பாவும் சுகம். உன்ர சுகத்தை நீ சொன்னால்தான் தெரியும். பொங்கலுக்கு இரண்டு நிமிசம் கதைத்தாய், பிறகு மீட்டிங் என்று வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு வாட்ஸ்அப்பில் கைகூப்புகிற படம் மட்டும் வருகிறது. போனில் நான் தொடங்கினால் "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்று முடித்துவிடுவாய். கடிதத்தை இடையில் வைக்க ஏலாதுதானே, அதுதான் எழுதுகிறேன்.

இங்கே பெரிய புதினம் ஒன்றும் இல்லை. லிஃப்ட் திரும்பவும் பழுது. அப்பா முழங்காலோடு ஏழு மாடி ஏறிவிட்டு, ஏறினதைச் சொல்லாமல் இருக்கிறார். சின்ன மாமிக்குச் சீனி கூடிவிட்டது. கீழ்மாடி அன்ரியின்ர மகன் ஒரு வீட்டு ஏஜென்சியில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். நல்ல பிள்ளை, கண்ட இடத்தில் நின்று கதைப்பான். போன கிழமை சொன்னான், லியோனில் இருந்து ஒருத்தர் இங்கே சி ரூட் பக்கம் எஃப்3 வீடு (இரண்டு படுக்கையறையும் ஒரு கூடமும்) ஒன்று கேட்டு எழுதியிருக்கிறாராம், தான் இருக்கிறதுக்கில்லையாம், வாடகைக்கு விடவாம். பெயரைப் பார்த்தால் எங்கட பெயர் போலவே இருக்காம். அந்தப் பெயரில் லியோனில் எத்தனையோ பேர் இருப்பினம் தம்பி என்று சொல்லிவிட்டு வந்தேன். இருப்பினம்தானே.

அதை விடு. வீட்டுக் கதை வந்தபடியால் எழுதுகிறேன். நீ படித்தவன், எனக்கு விளங்காத கணக்கெல்லாம் உனக்கு விளங்கும். ஆனால் இந்த ஊரில் வாடகைக்கு இருக்கிறதென்றால் என்ன என்று எனக்குத் தெரிந்த அளவு உன்ர வங்கிக்காரனுக்குத் தெரியாது.

சி ரூட் பக்கம் இப்போது எல்லோரும் ஏன் வீடு கேட்கிறார்கள் என்று எனக்கும் தெரியும். மெட்ரோ 16 வருகிறது. 2024 ஒலிம்பிக்குக்கு முதல் வரும் என்றார்கள், தள்ளித் தள்ளி இப்போது 2027 என்கிறார்கள். அந்தப் பக்கம் சென்-துனி பிளெயல் வரைக்கும் மெட்ரோ 14 2024 ஜூனிலேயே வந்துவிட்டது. ஸ்டேசன் திறக்க முதல் வாங்கினவன் கெட்டிக்காரன் என்று கோயிலில் கூடக் கதைக்கிறார்கள். பாரிசில் ஒரு சதுர மீட்டர் 9000 ஈரோவுக்கு மேலே. இங்கே அதில் பாதி கூட இல்லை, பாதிக்கும் நல்லாய்க் கீழே. ஆனால் வாடகை அப்படி இறங்காது, கவனித்தாயா? விலை விழுந்த அளவுக்கு வாடகை விழாது. லாபம் இருக்கிறது அந்த இடைவெளியில்தான். அந்த இடைவெளியைக் கட்டுகிறது ஆர்? வேறு இடத்தில் வீடு கிடைக்காத சனம். நிரந்தர வேலைக் கடதாசி இல்லாதவன், வாடகையின் மூன்று மடங்கு சம்பளம் காட்ட ஏலாதவன், கராந், அதுதான் பிணை, நிற்க ஆள் இல்லாதவன். பாரிசில் அவனுக்குக் கதவு திறக்காது. அதனால் இங்கே கேட்ட காசைக் கொடுப்பான். நாங்களும் கொடுத்தோம்.

நீ பிறக்க முதல் ஓபர்விலியேயில் இருந்த அறையைப் பற்றி அப்பா உனக்குச் சொல்லியிருக்கமாட்டார். அவர் சொல்லுகிற ஆள் இல்லை. அது ஒரு எஃப்3 வீடு, பலகைத் தட்டி அடித்து நாலு அறையாக்கியிருந்தது. நாலு குடும்பத்துக்கும் ஒரு குசினி, ஒரு குளியலறை. ஒவ்வொரு மாதமும் 5ஆம் திகதி வீட்டுக்காரர் வருவார். எங்கட ஆள்தான். காசாகத்தான் வாங்குவார், ரசீது தரமாட்டார். ரசீது இல்லாமல் காஃபில், வாடகைக்கு உதவிக் காசு கொடுக்கிற கந்தோரில், உதவிக்கு எழுத ஏலாது. விசா புதுப்பிக்கப் போனால் விலாசத்துக்கு அத்தாட்சி எங்கே என்று கேட்பான். அந்த விலாசக் கடிதத்துக்கு அவர் தனிக் காசு வாங்கினார்.

அவரைக் கெட்ட மனிசன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. நீ பிறந்தபோது ஆஸ்பத்திரிக்குச் சரக்குக் கறி வைத்துக் கொண்டுவந்தது அவருடைய மனிசிதான். அவரும் ஊரில் இருந்து வெறுங்கையோடு வந்தவர்தான், அவருக்கும் கடன், அவருக்கும் பிள்ளைகள். அவர் தன் மனத்தில் எங்களுக்கு உதவி செய்கிறதாகத்தான் நினைத்தார், அவர் இல்லாவிட்டால் நாங்கள் தெருவில்தானே என்று. அதுவும் பொய் இல்லை. எனக்குப் பயம் அங்கேதான். அப்படி வாடகை வாங்க ஒருத்தன் கெட்டவனாக இருக்கவே தேவையில்லை. லோன் மாதாமாதம் வெட்டுப்பட்டால் போதும்.

இப்போது சட்டம் இறுகிவிட்டது, அது உனக்குத் தெரிந்திருக்க வேணும். 2021 ஜூன் 1இல் இருந்து எங்கட பக்கத்து நகரங்கள் ஒன்பதிலும் வாடகைக்கு உச்சவரம்பு போட்டார்கள். பாரிசில் 2019இலேயே வந்துவிட்டது. அரசாங்கம் சொல்லுகிற அடிப்படை வாடகைக்கு மேலே 20 வீதம், அதற்கு மேல் வாங்கினால் இருக்கிறவன் திருப்பிக் கேட்கலாம், தண்டமும் 5000 ஈரோ வரை வரலாம். 9 சதுர மீட்டருக்குக் குறைந்த அறையையும் நிலக்கீழ் அறையையும் பொதுவாக வாடகைக்கு விடப்படாது. சில இடங்களில் வாடகைக்கு விட முதலே மேரியில் (நகரசபையில்) அனுமதி எடுக்க வேணும். குளிர் தாங்காத, தரத்தில் கடைசியான ஜி தர வீட்டை 2025 ஜனவரியில் இருந்து புதிதாக வாடகைக்கு விட ஏலாது, 2028இல் அதற்கு ஒரு படி மேலே உள்ள எஃப் தரமும் நிற்கும். இங்கே மலிவாகக் கிடைக்கிற பழைய வீடுகளில் எத்தனை ஜி என்று ஏஜென்சிப் பிள்ளையைக் கேட்டால் சிரிப்பான்.

ஆனால் எங்கட சனத்தில் எத்தனை பேர் மேலதிக வாடகையைத் திருப்பிக் கேட்டு எழுதியிருப்பினம்? பயம். எழுதினால் ஒப்பந்தம் முடிய வெளியே போ என்று விடுவானோ என்று. சட்டம் புத்தகத்தில் இருக்கும், திறப்பு வீட்டுக்காரரிடம் இருக்கும்.

இன்னொன்று. யாராவது இங்கே வீடு வாங்குகிறதென்றால், யாராவது, நான் பொதுவாகச் சொல்லுகிறேன், கட்டடத்துச் சொந்தக்காரரின்ர கூட்டக் குறிப்பு மூன்று வருசத்தினதையும் வாங்கி வாசிக்க வேணும். விற்கிறவன் தரத்தான் வேணும், சட்டம். எத்தனை சொந்தக்காரர் ஷார்ஜ் (கட்டடத்தின்ர பொதுச் செலவுக் காசு) கட்டாமல் கிடக்கிறார்கள், தண்ணீருக்கும் வெந்நீர்ச் சூட்டுக்கும் கடன் எவ்வளவு, கூரைக்கு எவ்வளவு கேட்கப் போகிறார்கள், எல்லாம் அதில் இருக்கும். கிளிஷி-சூ-புவாவில் என்ன நடந்தது? சொந்த வீடு என்று ஆசையோடு வாங்கின சனம் ஷார்ஜ் கட்ட ஏலாமல், லிஃப்ட் நின்று, கட்டடமே அழுகி, கடைசியில் அரசாங்கம் வந்து வீடு வீடாக வாங்கி இடிக்கிற நிலை. வாங்கினவர்கள் எல்லாம் எங்களைப் போல ஆக்கள்தான். விலை மலிவாக இருந்தால் ஏன் மலிவு என்று கேள். கூட்டக் குறிப்பை வாசி. லியோனில் இருந்துகொண்டு படத்தைப் பார்த்து வாங்கப்படாது.

தூர இருந்து வீட்டுக்காரனாக இருக்கிறதைப் பற்றி இந்த ஊருக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. எங்கட 4000 வீட்டுக் குடியிருப்பு ஆருடைய சொத்தாக இருந்தது? பாரிஸ் நகரத்தின்ர ஆஷ்.எல்.எம் (குறைந்த வாடகைப் பொதுவீடு) அலுவலகம்தான் 60களில் கட்டினது, தன்னுடைய ஊரில் இடமில்லாத சனத்தைக் கொண்டுவந்து வைக்க. சனம் இங்கே, வீட்டுக்காரன் அங்கே. 1984இல்தான் இந்த ஊருக்குக் கைமாறினது. அதற்குள் கட்டடம் கெட்டுவிட்டது, 1986இல் டெபுசிக் கட்டடத்தைக் குண்டு வைத்து இடித்தார்கள். அது நான் வர முதல். 2000இல் ரெனுவாரை இடித்தபோது நீ என்ர தோளில் இருந்தாய், காதைப் பொத்திக்கொண்டு. பிறகு 2004இல் ரவெலும் பிரெசோவும், 2011இல் பால்சாக். பிரெசோ ஒன்றை விட்டால், எவ்வளவு பெரிய ஆக்களின்ர பெயர் வைத்திருந்தார்கள், பார். ரெனுவார் விழுந்தபோது எனக்குப் பக்கத்தில் நின்ற மாலிக்காரப் பெண் குழறி அழுதாள். நல்லதுதானே இது என்று நான் கேட்டேன். என்ர மூன்று பிள்ளைகளும் அங்கேதான் பிறந்தார்கள் என்றாள்.

இடித்தால் ஊர் மாறும் என்றார்கள். கணக்கெடுப்பு வரும்போதெல்லாம் எங்கட 93ஆம் இலக்க மாவட்டம்தான் பிரான்சில் மிக ஏழை மாவட்டம் என்று ரிவியில் சொல்லுகிறார்கள் (கடல் கடந்த பகுதிகளை விட்டு). இவ்வளவு காசு கொட்டியும் ஏன் முன்னேறவில்லை என்று கேட்கிறார்கள். முன்னேறினவன் இங்கே நிற்கிறானா? பெடியன் படித்து வேலை எடுத்தவுடன் வீட்டை விட்டுப் போய்விடுகிறான். அந்த இடத்துக்கு நேற்று விமானத்தில் வந்து இறங்கினவன் வருகிறான், அவனிடம் ஒன்றும் இல்லை. அவன் பிள்ளை முன்னேறும்போது அதுவும் போய்விடும். கணக்கெடுக்கிறவன் கண்ணுக்கு ஊர் அப்படியே ஏழையாக இருக்கிறது. உள்ளே இருந்த சனம் எத்தனை தரம் மாறிவிட்டது! எங்கட மாடியில் முதலில் அல்ஜீரியக் குடும்பம் இருந்தது, இப்போது கொமோர்த் தீவுக் குடும்பம். அந்த அல்ஜீரியப் பிள்ளை டொக்டர். நீயும் போனாய். போனது பிழை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

உன்னை நினைத்துப் பெருமைதான், அதையும் எழுதவேணும். கடன் தவணை சம்பளத்தில் 35 வீதத்தைத் தாண்டப்படாது என்று 2022இல் இருந்து வங்கிகளுக்குக் கட்டாயம். அதற்குள் நின்று கடன் எடுக்கக் கூடிய சம்பளம் இந்த வீட்டுப் பிள்ளைக்கு வருகிறது. அப்பாவைக் கதிரையில் இருக்கச் சொல்லவே ஒரு வங்கி மனேச்சர் யோசித்தவர். உன்ர வேலைக் கடிதத்தை அப்பா பிளாஸ்டிக் உறையில் போட்டு, வாடகை ரசீதுகளோடு வைத்திருக்கிறார். ரசீதுகள் எல்லாம் இருக்கு, ஆஷ்.எல்.எம்முக்கு வந்த முதல் மாதத்தில் இருந்து. அந்த வீட்டுக்கு எத்தனை வருசம் காத்திருந்தோம் என்று நீ மாமியைக் கேள். விண்ணப்பத்தை வருசா வருசம் புதுப்பிக்க வேணும், ஒரு தரம் தவறினால் வரிசையே போய்விடும். நான் தவறவிடவில்லை. இப்போது பாரிசும் சுற்றி உள்ள ஊர்களும் சேர்ந்த இல்-து-பிரான்சில் மட்டும் எட்டு லட்சத்துக்கு மேல் விண்ணப்பம் காத்துக் கிடக்கிறது. அந்த எட்டு லட்சம் பேர் இன்றிரவு எங்கே படுக்கிறார்கள் என்று நினைக்கிறாய்? யாரோ ஒருத்தனுடைய எஃப்3 வீட்டில்தான்.

காசு சேர்க்கிறது பாவமில்லை. எனக்கு நியாயம் சொல்லவும் வரவில்லை, உனக்குப் புத்தி சொல்ல எனக்குப் படிப்பும் இல்லை. நீ வாங்கினால் நல்ல வீட்டுக்காரனாக இருப்பாய், ரசீது கொடுப்பாய், சூடு பழுதானால் ஆள் அனுப்புவாய், அதெல்லாம் தெரியும். ஆனால் தட்டி அடி என்று உனக்குச் சொல்ல ஏஜென்சி இருக்கும், இவ்வளவு கேட்கலாம் என்று சொல்ல இன்னொருத்தன் இருப்பான், வட்டி ஏறினால் வங்கி இருக்கும். வாடகை பிந்தினால் போன் எடுப்பது நீயா, ஏஜென்சியா? நவம்பர் 1இல் இருந்து மார்ச் 31 வரை ஒருத்தரையும் வெளியே போடப்படாது, அது சட்டம். ஏப்ரல் 1இல் என்ன செய்வாய்? கதவைத் திறக்கிறவள் என்ர வயதுப் பெண்ணாக இருந்தால்? உன்னை அவள் சின்னப் பிள்ளையாகப் பள்ளிக்கூட வாசலில் கண்டிருந்தால்?

நான் ஒருத்தரையும் பற்றிச் சொல்லவில்லை. பொதுவாகத்தான்.

ஒருவேளை யாராவது ஏற்கெனவே கையெழுத்து வைத்துவிட்டாலும், கொம்ப்ரோமி (வீடு வாங்குகிற முதல் ஒப்பந்தம்) கடதாசி கைக்கு வந்து 10 நாளுக்குள் வேண்டாம் என்று பதிவுத் தபாலில் எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, கொடுத்த காசும் திரும்பி வரும். நொத்தாரிசு அதைச் சொல்லுவார், ஆனால் கெதியாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். கூட்டக் குறிப்பை வாசி. ஜி தரமா என்று பார்.

சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை எடு, இரண்டு நிமிசம் போதாது.

அன்புடன்,
அம்மா

பி.கு: சின்ன மாமியின்ர மகளுக்கு போபினியில் ஒரு அறை பார்த்திருக்கிறோம். நேர்மையான வாடகை, உச்சவரம்புக்குள்தான், நான் கணக்குப் பார்த்துவிட்டேன். கராந் கேட்கிறார்கள். 30 வயது தாண்டினவர்களுக்கு நிபந்தனை கூட, கராந் நிற்கிற விசால் திட்டத்தில் இவளுக்கு இல்லை என்று விட்டினம். அப்பாவின்ர பென்சன் காணாதாம். உன்ர கடைசி மூன்று சம்பளத்துண்டும் வரிக் கடிதமும் அடையாள அட்டைப் பிரதியும் வேணும். வெள்ளிக்கிழமைக்கு முதல் அனுப்பினால் அறை அவளுக்கு. அனுப்புவாயா இல்லையா என்று மட்டும் இன்றைக்கே எழுது.